தூண்டில் கேள்வி பதில்: மீனு காலடியிலயே நிக்குது

போன இதழ்ல கலிஃபோர்னியா பக்கம் அலைக்குள்ள புடிக்கிற சர்ஃப்பெர்ச் மீனப் பத்தி நாலு வரி எழுதினேன், அதுக்கு இத்தன பேரு கேள்வி அனுப்புவீங்கன்னு நினைக்கல. அதனால இந்த மாசம் முழுக்க அந்த மீனும் அத ஒட்டி நம்ம சிங்கப்பூர் கரையில செய்யக்கூடியதும்தான். பேரு போட வேணாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: சார், என் மகன் சான் ஹோசேல வேலை பாக்குறான். லீவு நாள்ல பீச்சுக்குப் போயி வெள்ளியா, உடம்புல பட்டை பட்டையா கோடு போட்ட மீன் புடிச்சு போட்டோ அனுப்புறான். சர்ஃப்பெர்ச்னு சொல்றான். தமிழ்ல இதுக்கு என்ன பேரு? சாங்கில கிடைக்குமா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: தமிழ்ல பேரு இல்லைங்க, ஏன்னா நம்ம ஆளுங்க காலங்காலமா வலை போட்ட எந்தக் கடல்லயும் அது கிடையாது. சாங்கில மட்டுமில்ல, நாகப்பட்டினத்துலயும் கிடையாது பினாங்குலயும் கிடையாது. இருபதுக்கு மேல வகை இருக்கு, அதுல பெரும்பாலானது வட அமெரிக்காவோட மேற்குக் கரையில அலாஸ்கால இருந்து மெக்சிகோ பக்கம் வரைக்கும்தான், கொஞ்சம் ஜப்பான் கொரியா பக்கம். ஒரே ஒரு வகை மட்டும் கலிஃபோர்னியால ஆத்துத் தண்ணில வாழுது. எல்லாமே குளுந்த தண்ணி மீனு, நம்ம கடல் வருஷம் முழுக்க குளிக்கிற வெந்நி மாதிரி இருக்கு, இங்க அது தாங்காது.

உங்க மகன் அனுப்பின படத்துல இருக்கிறது பட்டை போட்ட வகையாத்தான் இருக்கணும், அதுதான் அங்க மணல் கரையில நின்னு தூண்டி போடறவங்களுக்கு அதிகமா மாட்டுறது. வாவல் மாதிரி தட்டையா வட்டமா, ஆனா வாவல விட செதில் பெருசா, வாய் சின்னதா இருக்கும். பெரும்பாலும் உள்ளங்கை அகலம்தான், ரொம்பப் பெருசுன்னா 17 அங்குலம், நாலரை பவுண்டு வரைக்கும் போகும். பேர்ல பெர்ச்னு இருக்கே தவிர ஏரில வர்ற பெர்ச்சுக்கும் இதுக்கும் உறவில்ல.

இந்த மீன்ல எனக்குப் புடிச்ச விஷயம் அது நிக்கிற இடம். அலை ஒடஞ்சு நுரையா வந்து விழுது பாருங்க, அதுக்குள்ளயே நிக்கும், சில நேரம் முழங்கால் அளவு தண்ணில. மத்த மீனெல்லாம் பயந்து வெலகிப் போற இடத்துல இது வந்து மேயும், ஏன்னா அலைதான் மணலப் பொரட்டி அதுக்குச் சாப்பாட்ட வெளிய எடுத்துக் குடுக்குது.

கேள்வி: அண்ணே, பிப்ரவரில நானும் மனைவியும் மக வீட்டுக்குப் போறோம், மான்டரே வளைகுடா பக்கம். எனக்குப் பிடோக் ஜெட்டில 20 வருஷ அனுபவம், பெரிய ராடு, கனமான ஈயம் எல்லாம் இருக்கு. அதையே எடுத்துட்டுப் போகவா? எப்படிப் புடிக்கிறது, எல்லாத்தையும் எழுதுங்க. (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: வேணாம் தம்பி, பெரிய ராட வீட்லயே வெச்சிட்டுப் போங்க. நானும் 2018ல அதே வளைகுடாவுக்குத்தான் போனேன், அங்க மரீனான்னே ஒரு ஊரு இருக்கு, நம்ம மெரினா பேரு மாதிரியே, கரை செங்குத்தா எறங்கும், அலை பெருசு. பிடோக்ல பழகின கை இல்லையா, மொத ரெண்டு நாளும் அலைய எல்லாம் தாண்டி எழுவது எம்பது மீட்டர் தூரத்துக்கு வீசுவீசுன்னு வீசினேன், ஒரு கடி கூட இல்ல. மூணாவது நாள் எனக்குப் பக்கத்துல வயசான ஒருத்தர் வந்தாரு, காஞ்ச மணல்லயே நின்னுக்கிட்டு, கையாட்டுற மாதிரி பத்துப் பன்னெண்டு மீட்டர்ல போட்டாரு. ஒரு மணி நேரத்துல அஞ்சு மீனு. நான் பாக்கிறதப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, என் கால் நின்ன எடத்த தாடையால காட்டினாரு. அதாவது நான் அந்த மீனு மேலயே நின்னுக்கிட்டு அதுக்கு அந்தப் பக்கம் வீசிட்டு இருந்திருக்கேன். அந்த ஒரு தாடை அசைவுல நான் கத்துக்கிட்டது அதுக்கு முன்னாடி 30 வருஷத்துல கத்துக்கல.

அதனால முதல் வேலை தூண்டி போடறது இல்ல, தண்ணியப் படிக்கிறது. தண்ணி வத்துன நேரத்துல ஒரு தடவை சும்மா கையை வீசிக்கிட்டுப் போயிப் பாருங்க. கரை எங்க குழிஞ்சு கெடக்கு, எங்க கரைக்கு இணையா வாய்க்கால் மாதிரி பள்ளம் ஓடுது, எங்க மேடு, அதெல்லாம் அப்ப தெறந்து கெடக்கும். போன்ல படம் புடிச்சு வெச்சுக்கோங்க. அப்புறம் தண்ணி ஏற ஆரம்பிச்சதும் அதே எடத்துக்கு வாங்க, உச்சத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடில இருந்து ஒரு மணி நேரம் பின்னாடி வரைக்கும் நல்ல நேரம். அலை எல்லா எடத்துலயும் வெள்ளையா ஒடையும்போது ஒரு எடத்துல மட்டும் ஒடையாம பச்சையா கருப்பா இருந்தா அதுதான் பள்ளம், அங்க போடுங்க. நுரையும் தெளிஞ்ச தண்ணியும் சேர்ற ஓரம் இன்னும் நல்லது.

சாமான் ரொம்ப எளிசு. ஏழு எட்டு அடி லேசான ராடு, 6ல இருந்து 10 பவுண்டு தாங்குற லைன். லைன்ல ஓட்டை போட்ட முட்டை ஈயம் ஒண்ணு கோத்து விடுங்க, அரை அவுன்ஸ்ல இருந்து ஒரு அவுன்ஸ், அலை எவ்வளவோ அதுக்குத் தக்கபடி, அப்புறம் ஒரு பாசிமணி, ஒரு ஸ்விவல், அதாவது லைன் முறுக்காம சுத்துற வளையம், அதுக்குக் கீழ ரெண்டு ரெண்டரை அடிக்கு லீடர், அதாவது ஹூக்கக் கட்டுற இன்னும் மெல்லிசான தனி லைன், நுனில 4 இல்லன்னா 6ம் நம்பர் ஹூக். மீன் இரைய எடுத்துட்டு நகரும்போது லைன் ஈயத்துக்குள்ள வழுக்கிட்டு ஓடும், அதுக்கு பாரம் தெரியாது, அதான் சூட்சுமம்.

இரைக்கு மணல் நண்டு. இத நீங்களே புடிக்கணும், காசு குடுத்து வாங்காதீங்க, அதுல பாதி சந்தோஷம் போயிரும். அலை வந்து திரும்பிப் போகும்போது ஈர மணல் கண்ணாடி மாதிரி மின்னும், அந்த ஒரு நொடில மணல் மேல சின்னச் சின்னதா வாய்க்கால் பிரியற மாதிரி கோடு தெரியும், ஆயிரக்கணக்குல, எல்லாம் ஒரே திசையப் பாத்து. அது நண்டோட மீசை, தண்ணில வர்ற தூசிய வடிகட்டிச் சாப்பிடுது. அந்தக் கோட்டுக்குக் கீழ ரெண்டு கையையும் விட்டு மணலோட அள்ளுங்க, மணல் ஒழுகிப் போனதும் உள்ளங்கையில குறுகுறுன்னு எதோ தோண்டும். புளியங்கொட்டைய விடக் கொஞ்சம் பெருசு, சாம்பல் கலரு, கடிக்காது, கொடுக்கே கிடையாது, பின்பக்கமாவே மணலுக்குள்ள பொதையும். திருப்பிப் பாத்தா சிலதுல வயித்துக்கடியில ஆரஞ்சு கலர்ல முட்டை ஒட்டி இருக்கும், மீனுக்கு அது ரொம்பப் புடிக்கும். அதவிட உசத்தி, இப்பதான் ஓடு கழட்டினது, விரலால அமுக்கினா நனஞ்ச காகித அட்டை மாதிரி மெதுவா இருக்கும். அத பின்பக்கத்துல இருந்து ஏத்தி ஹூக் நுனி லேசா வெளிய தெரியற மாதிரி விடுங்க. மெட்ராஸ் மெரினாலயும் இதே குடும்பத்து நண்டு இருக்கு, சின்ன வயசுல மாமா வீட்டுக்குப் போனப்ப அத நான் தோண்டித் தோண்டி விட்டிருக்கேன், அப்ப பேரு தெரியாது.

போட்டுட்டு லைன தொய்ய விடாதீங்க, அலை தள்ளத் தள்ள மெதுவா சுத்திக்கிட்டே வாங்க, இரை நகந்துகிட்டே கரைக்கு வரட்டும், ஒரு எடத்துலயே போட்டு வெச்சு உக்காந்துட்டா வேலைக்கு ஆகாது. மொத ரெண்டு கடி டொக்கு டொக்குன்னு தட்டும், அதுக்கு அப்புறம் கனமா இழுக்கும், அப்ப தூக்குங்க. கரைக்கு மிக அருகிலதான் கடிக்கும், ஹூக் தண்ணிய விட்டு வெளிய வர்ற வரைக்கும் நம்பிக்கைய விடாதீங்க. கால் மணி நேரம் கடி இல்லன்னா அம்பது அடி நடந்து அடுத்த பள்ளத்துல போடுங்க.

ரெண்டு விஷயம் ரொம்ப முக்கியம். ஒண்ணு, 16 வயசும் அதுக்கு மேலயும் யாரா இருந்தாலும் கலிஃபோர்னியால மீன்பிடி லைசென்ஸ் வேணும், சுற்றுலா போறவங்களுக்கும் சேத்துத்தான், ஒரு நாளு ரெண்டு நாளுக்குன்னு தனியா கிடைக்குது. கடல்ல இருக்கிற பொது ஜெட்டில நின்னு போட்டா லைசென்ஸ் வேணாம், ஆனா நான் சொல்ற மாதிரி கரையில நின்னு போட்டா வேணும். எத்தன மீன் எடுக்கலாம், எவ்வளவு நீளம்னு கணக்கு இருக்கு, சில கரை முழுக்கப் பாதுகாக்கப்பட்ட பகுதி, அங்க தூண்டியே போடக் கூடாது, போறதுக்கு முன்னாடி உங்க மகள அந்த மாநில மீன்வளத் துறையோட வெப்சைட்ல பாத்து வெக்கச் சொல்லுங்க. ரெண்டாவது, கடலுக்கு முதுகு காட்டாதீங்க. பத்து அலை சின்னதா வந்துட்டு பதினோராவது ஆள் ஒசரத்துக்கு வரும், அந்தக் கரையில கரைய விட்டு வெளிய இழுக்குற ஓட்டம் உசுரையே எடுத்திருக்கு. நம்ம ஈஸ்ட் கோஸ்ட்ல பழகின காலுக்கு அது சுத்தமா தெரியாது. தண்ணி வேற ஐஸ் மாதிரி இருக்கும், பிப்ரவரில பன்னெண்டு பதிமூணு டிகிரிதான். முழங்காலுக்கு மேல எறங்காதீங்க, எறங்கவும் தேவையில்ல, மீனு அந்தப் பக்கம் இல்ல.

கேள்வி: ஐயா, லீவுல அண்ணன் குடும்பத்தோட கலிஃபோர்னியா போயிருந்தோம். என் பையன் ஒரு மீன் புடிச்சான், ஹூக்கக் கழட்டும்போது அது வயித்துல இருந்து குட்டிக் குட்டியா உயிரோட மீனு வெளிய வந்துச்சு. என் பொண்ணு அழ ஆரம்பிச்சிட்டா, நாங்க எல்லாத்தையும் அள்ளி கடல்லயே போட்டுட்டோம். அது பொழச்சிருக்குமா? மீனு முட்டைதானே போடும்? இன்னும் அவ அதையே கேட்டுட்டு இருக்கா. (செங்காங் வாசகி)

பதில்: பாப்பாகிட்ட மொதல்ல இதச் சொல்லுங்கம்மா, நீங்க கடல்ல போட்டதுதான் சரி, அதவிட நல்லதா யாரும் எதுவும் செஞ்சிருக்க முடியாது. நாள் நெருங்கின குட்டியா இருந்தா வெளிய வந்த உடனேயே நீந்தும், தன்னாலேயே சாப்பிடும், அம்மா கூட இருக்கணும்னு இல்ல. துடுப்பு எல்லாம் முழுசா முளைச்சு, அம்மா மாதிரியே பட்டையோட இருந்துச்சா, அப்ப பொழைக்க வாய்ப்பு இருக்கு. இன்னும் மெலிசா கண்ணாடி மாதிரி இருந்திருந்தா கஷ்டம், அதையும் மறைக்காம சொல்லிடுங்க, பிள்ளைங்க உண்மையத் தாங்கும்.

இந்தக் குடும்பத்து மீனு முட்டை போடறதில்ல. குட்டிய மாசக் கணக்குல வயித்துலயே வெச்சு வளர்க்குது, குட்டியோட துடுப்பு பெருசா மெல்லிசா விரிஞ்சு அம்மாவோட உடம்புல இருந்தே காத்தும் சத்தும் இழுத்துக்கும். பட்டை போட்ட வகையில ஒரு தடவைக்கு நாலு குட்டியும் இருக்கலாம், நூறத் தாண்டியும் இருக்கலாம், சராசரி முப்பது சொச்சம்.

உங்க பொண்ணு ஆச்சரியப்பட்ட மாதிரியே உலகமும் ஒரு நாள் ஆச்சரியப்பட்டுது. 1852ல சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்துல ஜாக்சன்னு ஒருத்தர் தூண்டில ரெண்டு மீன் புடிச்சாரு, வயித்தத் தெறந்தா உள்ள குட்டி உயிரோட இருக்கு. அத ஒரு வாளில கடல் தண்ணி ஊத்தி விட்டுப் பாத்தாரு, துள்ளிக்கிட்டு நீந்துச்சு. அவரு விஞ்ஞானி இல்ல, மீன் புடிக்கப் போன ஆளு. அகாசிஸ்னு அப்ப பேர் பெத்த விஞ்ஞானிக்கு எழுதிப் போட்டாரு, மொதல்ல அவராலயே நம்ப முடியல, அப்புறம் மீன வரவழைச்சுப் பாத்து 1853ல இது ஒரு புதுக் குடும்பம்னு எழுதினாரு, அந்த மீனுக்கு ஜாக்சனோட பேரையே வெச்சாரு. உங்க பையன் கையில நடந்ததும் அதே காட்சிதான், வாளி மட்டும்தான் இல்ல.

ஜப்பான்லயும் இதே குடும்பத்து மீனு இருக்கு. அங்க சில ஊர்ல கர்ப்பிணிங்க சாப்பிட்டா சுகப்பிரசவம் ஆகும்னு குடுப்பாங்களாம், வேற சில ஊர்ல வேணவே வேணாம்பாங்களாம், ஏன்னா குட்டி வால் பக்கமா வெளிய வரும், அதனால பிள்ளையும் கால் முன்னாடி வரும்னு பயம். நம்ம பாட்டிங்க இருந்திருந்தா ரெண்டு பக்கமும் நின்னு வாதாடியிருப்பாங்க.

இதுல நான் கட்டாயமா சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. கொடுவா மாதிரி மீனு ஒரு தடவைக்கு லட்சக்கணக்குல முட்டை விடும், அதுல ஆயிரம் போனாலும் கடலுக்குத் தெரியாது. முப்பது குட்டி சுமக்கிற மீன எடுத்துட்டா அந்த முப்பதும் அதோட போச்சு. குளிர்காலக் கடைசில இருந்து வசந்தம் வரைக்கும் மாட்டுற பெரிய மீன்ல முக்காவாசி வயிறு உப்பினதாத்தான் இருக்கும், பாத்தாலே தெரியும், தொட்டா கெட்டியா இருக்கும். அத ஈரக் கையால புடிச்சு, மணல்ல போடாம, போட்டோவுக்குன்னு தூக்கி வெச்சுக்கிட்டு நிக்காம, வந்த அலையிலயே விட்டுடுங்க. சாப்பிடணும்னா நடுத்தர சைஸ்ல ரெண்டு போதும். முந்தின கேள்வி கேட்ட ஜூரோங் தம்பி, இது உங்களுக்கும் சேத்துத்தான், நீங்க போறது சரியா அந்த மாசம்.

கேள்வி: எல்லாரும் அமெரிக்காவ பத்தியே கேக்குறாங்க. இங்கயே இருக்கிறவங்களுக்கு அந்த மாதிரி கரையோர மீன் ஏதாவது உண்டா? (பிடோக் வாசகர்)

பதில்: இருக்கு, கிழங்கான். ஈரச்சந்தைல பாத்திருப்பீங்க, விரல் மாதிரி நீளமா, வெள்ளியும் வெளிர் மஞ்சளும் கலந்த கலரு, மூக்கு கூரா, வாய் கீழ்ப்பக்கமா. இங்க மாட்டுறது பெரும்பாலும் ஒரு சாண் நீளம். சாங்கி, ஈஸ்ட் கோஸ்ட் மாதிரி மணல் கரை இருக்கிற எடத்துல எல்லாம் இருக்கு, ஆனா ஜெட்டி மேல நின்னு பெரிய மீனுக்குக் காத்திருக்கிறவங்க கண்ணுல படாது. வலை போட்டா மணலுக்குள்ள தலையக் குத்திப் பொதஞ்சுக்கும், அவ்வளவு கெட்டிக்கார மீனு.

நம்ம கரையில அலை இல்லன்னு சொல்வீங்க, சரிதான், சுத்தி தீவும் கப்பலும். ஈஸ்ட் கோஸ்ட் கரையே 1966ல ஆரம்பிச்ச திட்டத்துல கடலத் தூர்த்து உண்டாக்கினது, நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்கப்பா பழைய கரை எங்க இருந்துச்சுன்னு கையக் காட்டுவாரு, இப்ப அங்க ரோடு. ஆனா அலை இல்லாட்டியும் நம்மகிட்ட ஏத்தமும் வத்தமும் இருக்கு, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, அமாவாசை பௌர்ணமி ஒட்டி ரெண்டு மீட்டருக்கு மேலயே ஏறி எறங்கும். அங்க அலை செய்யுற வேலைய இங்க இந்த ஓட்டம் செய்யுது, மணலக் கிளறிப் புழுவையும் பொடி எறாலையும் வெளிய எடுத்துக் குடுக்குது. அதனால பாடம் ஒண்ணுதான், வத்துனப்ப போயிப் பாருங்க. ஈஸ்ட் கோஸ்ட்ல கல்லு கொட்டின தடுப்புக்கு நடுவுல கரை வளைஞ்சு வளைஞ்சு போகும் இல்லையா, அந்தக் கல்லு முடியுற மூலையில தண்ணி சுழிச்சு ஒரு குழி தோண்டி வெச்சிருக்கும், அதக் கண்ணுல குறிச்சுக்கோங்க. வரி வரியா அலை போட்ட மணலும் வழுவழு மணலும் சேர்ற எடம், அதையும். கடல்துறை துறைமுக ஆணையம் போடுற ஓத அட்டவணையப் பாத்து, தண்ணி ஏற ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க, அது விடியக்காலையோ சாயங்காலமோ அமைஞ்சா அந்த நாள விடாதீங்க.

சாமானும் அதேதான், இன்னும் கொஞ்சம் குட்டியா. பத்துப் பதினஞ்சு கிராம் ஓடுற ஈயம், 8 இல்லன்னா 10ம் நம்பர் நீளக் கால் ஹூக் (நம்பர் கூடினா ஹூக் சின்னது), 4 இல்லன்னா 6 பவுண்டு லீடர். இரைக்கு எறால், தேக்கா சந்தைல காலைல ரெண்டு மூணு வெள்ளிக்கு வாங்கினா ரெண்டு பேருக்குப் போதும். தோலுரிச்சு வாலுப் பக்கச் சதைய மட்டும் சுண்டு விரல் நகம் அளவுக்கு நறுக்குங்க, பெருசா வெச்சா அந்தச் சின்ன வாய் ஓரத்தக் கடிச்சுட்டுப் போயிரும், ஹூக் காலியாத்தான் வரும். நறுக்கினதுல கொஞ்சம் உப்புப் பொரட்டி வெச்சா கெட்டிப்படும், ஹூக்குல நிக்கும். கரைய நோண்டிப் புழு எடுக்க வேணாம், அந்தப் புழுவ நம்பித்தான் அந்த மீனே அங்க வருது.

பதினஞ்சு மீட்டர்ல போடுங்க. ஈயம் தரையத் தொட்டதும் லைன இறுக்கி, ராட மெதுவா ஒரு அடி இழுங்க, நிறுத்துங்க, அஞ்சு எண்ணுங்க, திரும்ப ஒரு அடி. ஈயம் மணல்ல உரசும்போது ஒரு சின்னப் புகை கிளம்பும், அதப் பாத்து கிழங்கான் கிட்ட வரும், நிறுத்தின நேரத்துலதான் கடிக்கும். லைன் மேல ஆள்காட்டி விரல வெச்சுக்கிட்டா மணல் உரசுறதும் கல்லு தட்டுறதும் மீனு கொத்துறதும் மூணும் தனித்தனியாத் தெரியும். மணல் சரசரன்னு ஒரே மாதிரி இருக்கும், கல்லு ஒரு தடவை டக்குன்னு நிக்கும், மீனு நடுங்கும். இத ஒரு மணி நேரம் கண்ண மூடிக்கிட்டுக் கவனிச்சா வந்துரும், யாரும் சொல்லிக் குடுக்க வேணாம்.

கிழங்கான் இல்லாத நாள்ல ஊடான் மீனு வரும், குட்டிப் பாறை மீனு வரும். எது வந்தாலும் காலடியிலதான்.

கேள்வி: பூங்காவுல எங்க வேணாலும் போடலாமா? சிங்கப்பூர்ல லைசென்ஸ் வேணுமா? (ஈசூன் வாசகர்)

பதில்: ராடு வெச்சுப் பொழுதுபோக்குக்குப் போடறதுக்கு லைசென்ஸ் இல்ல. ஆனா தேசியப் பூங்காக் கழகத்தோட பூங்காவுல அனுமதிச்ச எடத்துல மட்டும்தான், போர்டு இருக்கும், படிச்சுட்டுப் போடுங்க. நீர்த்தேக்கம்னா பொதுப் பயனீட்டுக் கழகம் குறிச்சுக் குடுத்த எடம் மட்டும், அதுவும் செயற்கை இரை மட்டும், எறாலோ புழுவோ ரொட்டியோ கூடாது. கரையில பின்னாடி ஆள் ஓடுவாங்க, சைக்கிள் வரும், பிள்ளைங்க விளையாடும், ஒவ்வொரு தடவை வீசறதுக்கு முன்னாடியும் திரும்பிப் பாருங்க. அறுந்த லைனையும் ஹூக்கையும் மணல்ல விட்டுட்டுப் போறவங்களப் பாத்தா எனக்கு ரத்தம் கொதிக்குது, மறுநாள் அங்க வெறுங்காலோட ஒரு குழந்தை ஓடும்.

கேள்வி: போன வாரம் பாசிர் ரிஸ்ல ஒரு கெளுத்தி மாட்டுச்சு, கழட்டும்போது கையில குத்திருச்சு, ராத்திரி முழுக்க வலி. ஐஸ் வெச்சேன், சரியா? (பொங்கோல் வாசகர்)

பதில்: ஐஸ் இல்ல தம்பி, சுடுதண்ணி. மலாய்க்காரங்க செம்பிலாங்னு சொல்ற வால் நீண்ட கெளுத்தியா இருந்தா முதுகு முள்ளுலயும் ரெண்டு பக்க முள்ளுலயும் விஷம் இருக்கு, அந்த விஷம் சூட்டுல செயலிழக்கும். தோல் பொசுங்காத அளவுக்கு, 45 டிகிரிக்குள்ள, தாங்குற சூட்டுல அரை மணில இருந்து ஒன்றரை மணி நேரம் கைய முக்கி வைக்கணும், குத்தாத கையால தொட்டுப் பாத்துட்டு முக்குங்க ஏன்னா குத்தின கைக்குச் சூடு சரியாத் தெரியாது. அப்புறம் கிளினிக் போயி முள்ளு உள்ள ஒடஞ்சிருக்கான்னு பாக்கச் சொல்லணும், டெட்டனஸ் ஊசியும் கேளுங்க. மூச்சு முட்டினாலோ தலை சுத்தினாலோ அங்கயே 995க்கு அடிங்க. ஓரா மீனோட முள்ளும் இதே கதைதான். பெயர் தெரியாத மீன கையால தொடாதீங்க, லைன வெட்டி விட்டாலும் பரவால்ல.

கேள்வி: சர்ஃப்பெர்ச், கிழங்கான், எது ருசி? (தோ பாயோ வாசகி)

பதில்: கிழங்கான்தாங்க, சந்தேகமே இல்ல. சர்ஃப்பெர்ச் வெள்ளைச் சதை, மெதுவா இருக்கும், புடிச்ச உடனே ரத்தத்த எடுத்து ஐஸ்ல வெக்கலன்னா கொழகொழன்னு ஆயிரும், மக வீட்ல மஞ்சள் மிளகாத்தூள் போட்டுப் பொரிச்சோம், நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கிழங்கான செதில் சுரண்டி, முழுசா, மாங்காய் போட்டுக் கொழம்பு வெச்சா முள்ளுல இருந்து சதை தானா கழண்டு வரும். பிள்ளை பெத்தவங்களுக்கு எங்க அம்மா அதத்தான் குடுப்பாங்க.

கேள்வி: அண்ணே, எங்க அப்பாவுக்கு 74 வயசு. அந்தக் காலத்துல இருந்து பிடோக் ஜெட்டிதான் அவருக்கு எல்லாம். போன வருஷம் தோள்ல ஆபரேஷன் ஆச்சு, கைய மேல தூக்க முடியல, இனிமே வீச முடியாதுன்னு ராட எல்லாம் யாருக்கோ குடுத்துட்டாரு. இப்ப டிவி முன்னாடியே உக்காந்திருக்காரு, பேசறதே இல்ல. அவரு திரும்பப் போக வழி இருக்கா? (அங் மோ கியோ வாசகி)

பதில்: இருக்கு தங்கச்சி. உங்க கடுதாசிய ரெண்டு தடவை படிச்சேன். அவரு கைய மேல தூக்கவே வேணாம். மொதல்ல அவரப் பாக்குற டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, இடுப்புக்குக் கீழ கைய ஆட்டலாமான்னு மட்டும். சரின்னா, ஆறரை அடில ரொம்ப லேசான ராடு ஒண்ணு, ஆயிரம் இல்லன்னா ரெண்டாயிரம் சைஸ் ரீல், பத்து கிராம் ஈயம். அண்டர்ஹேண்ட்ல, ஊஞ்சல் ஆட்டுற மாதிரி முன்னாடி ஒரு ஆட்டு ஆட்டி விட்டாலே பத்து மீட்டர் போகும். மேல எழுதினதெல்லாம் அவருக்குப் படிச்சுக் காட்டுங்க, கிழங்கானுக்கு அந்தப் பத்து மீட்டர் போதும். எண்பது மீட்டர் வீசின மனுஷன் பத்து மீட்டர்ல போட மொதல்ல ஒத்துக்க மாட்டாரு, கோவம் வரும், நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, ஒரு மீன் மாட்டட்டும்.

சாங்கி பீச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க, மரம் இருக்கு, கார் பார்க் பக்கத்துலயே கரை, டாய்லெட்டும் கிட்ட. சாயங்காலம் நாலு மணிக்கு மேல தண்ணி ஏறுற நாளாப் பாத்து. ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் விடியற நேரத்துல சுமத்ரா காத்து திடீர்னு வரும், அதனாலதான் சாயங்காலம்னு சொல்றேன், சாயங்காலத்துலயும் இடி கேட்டா ராட கீழ வெச்சுட்டு கார்ல ஏறிடுங்க, கார்பன் ராடு மின்னல வா வான்னு கூப்பிடும். கைப்பிடி வெச்ச நாற்காலி எடுத்துட்டுப் போங்க, எழுந்திருக்க அவருக்குப் புடிமானம் வேணும். நாற்காலிய ஈர மணல்ல போடாதீங்க, கால் உள்ள எறங்கும், காஞ்ச மணல்லயே போடுங்க.

எறால நீங்க நறுக்குங்க, ஹூக்குல ஏத்துறத மட்டும் அவருகிட்டயே விட்டுடுங்க.